நெட்வொர்க் டிரைவரில் பைட் வரிசைப் பிழை: அறிகுறியிலிருந்து திருத்தம் வரை

கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பட்டணத்தைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும், லாரி எடை போடும் மேடையையும் கிராணியின் அலுவலகக் கணினியையும் இணைக்கும் சிறு ரவுட்டர் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இடியும் மின்னலும் மிகுந்த மாதங்களில் இந்தப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். பழைய பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் ஏத்தெரோஸ் நிறுவனத்தின் மிப்ஸ் செயலிகள். அவை பிக் எண்டியன் முறையில், அதாவது ஓர் எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் வரிசையில், ஓடுபவை. அவற்றுக்குப் பதிலாக இன்று கைக்குக் கிடைக்கும் மீடியாடெக் எம்டி7621 பலகைகளும் ஆர்ம் பலகைகளும் சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன் முறையில் ஓடுபவை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்கள் (சிப்பை இயக்கும் நிரல்கள்) இந்த மாற்றத்தைப் பொதுவாகத் தாங்கிக்கொள்கின்றன. நெட்வொர்க் அட்டையோடு ஒரு சுருக்கிய கோப்பாக வந்து, எழுதியவரே மறந்துபோன வெளி டிரைவர்கள்தான் தாங்குவதில்லை. பெட்டி புதிது, நெட்வொர்க் சிப் பழையது, டிரைவர் பழையது என்ற சேர்க்கை வரும்போதெல்லாம் ஏறத்தாழ இதே பிழைகளையே திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறேன். அவற்றை அறிகுறிப்படி இங்கே எழுதிவைக்கிறேன். கட்டளைகளின் பெயர்களையும் செயற்கூறுகளின் பெயர்களையும் ஒலிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். டிரைவர் வேலை தெரிந்தவருக்கு அவை உடனே பிடிபடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

பிழை நிலையானதா என்று பாருங்கள். பைட் வரிசைப் பிழைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே தவறான எண்ணைத்தான் காலையிலும் மாலையிலும் தரும். விட்டுவிட்டு வருகிறது, மழை நாளில் மட்டும் வருகிறது, பெட்டி சூடானால் வருகிறது என்றால் அது இந்தக் கட்டுரையின் நோய் அன்று. கேபிளையும் ஆர்ஜே45 முனையையும் மின்வழங்கியையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் மூலக்கோப்பைத் திறக்காதீர்கள். ஒருமுறை நான் திறந்து, இரண்டு நாள் வீணடித்தபின், எலி கடித்த கேபிளைக் கண்டுபிடித்தேன்.

பிழை நிலையானது என்று உறுதியானால், எதிர்பார்த்த எண்ணையும் வந்த எண்ணையும் ஹெக்ஸ் வடிவில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளில் எழுதுங்கள். 64 வர வேண்டிய இடத்தில் 16384 வருகிறது என்றால் தசம எண்ணில் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஹெக்ஸில் எழுதினால் 00 40 என்பது 40 00 ஆகியிருப்பது கண்ணுக்கே தெரியும். அதேபோல 80ஆம் போர்ட் 20480 ஆகும். 53ஆம் போர்ட் 13568 ஆகும். இரண்டு எண்களும் கண்ணாடியில் பார்த்ததுபோல் பைட் பைட்டாகத் திரும்பியிருந்தால் தொடர்ந்து படியுங்கள். அப்படித் திரும்பவில்லை என்றால், முகமூடியோ (தேவையான பிட்களை மட்டும் பிரித்தெடுப்பது) பிட் நகர்த்தலோ தவறாக இருக்கலாம். அதற்கு ‘அறிகுறி 7’ பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்து, பெட்டியின் செயலி எந்த வரிசையில் ஓடுகிறது என்பதை அனுமானத்தால் முடிவு செய்யாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் பிஸிபாக்ஸ் என்ற நிரல் கோப்பின் முதல் ஆறு பைட்டுகளைப் பாருங்கள். ஆறாவது பைட் 01 என்றால் லிட்டில் எண்டியன், 02 என்றால் பிக் எண்டியன். மிப்ஸ் என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது; மிப்ஸ் குடும்பத்தில் இரண்டு வகையும் உண்டு. ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டியில் ஏடிஎச்79 பிரிவு பிக் எண்டியன், எம்டி7621 பிரிவு லிட்டில் எண்டியன்.

இந்தச் சோதனையின்போதே உங்களை ஏமாற்றக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவது ஹெக்ஸ்டம்ப் கட்டளை. தெரிவு எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் அது இரண்டு இரண்டு பைட்டுகளைச் சேர்த்து, செயலியின் வரிசைப்படி ஓர் எண்ணாக அச்சிடும்; லிட்டில் எண்டியன் செயலியில் சரியான கோப்பும் புரண்ட கோப்பாகத் தெரியும். எப்போதும் பெரிய எழுத்து ‘சி’ தெரிவுடன் ஓட்டுங்கள். பிசிஐ (அட்டைகளைச் செயலியோடு இணைக்கும் பாதை) தகவலை எல்எஸ்பிசிஐ கட்டளையால் பைட்டுகளாக எடுக்கும்போது இன்டெல் அட்டையின் 8086 என்ற அடையாளம் 86 80 என்று வருவதும் பிழையன்று. அந்த வெளி லிட்டில் எண்டியன் என்பதால் அப்படித்தான் வர வேண்டும்.

இரண்டாவது, திருப்பினாலும் மாறாத எண்கள். என் சோதனை மேசையில் பல ஆண்டுகளாக ஒரு முனைக்கு 10.0.0.10 என்ற முகவரியைக் கொடுத்து வைத்திருந்தேன். அந்த முகவரியை நான்கு பைட்டும் புரட்டினாலும் 10.0.0.10தான் வரும். மேசையில் தேறிய டிரைவர் ஆலையில் போய்த் தோற்றதற்கு அந்த ஒரு முகவரிதான் காரணம். இப்போது 192.168.1.10 வைத்திருக்கிறேன், புரண்டால் அது 10.1.168.192 ஆகிக் காட்டிக் கொடுத்துவிடும். விலான் (ஒரே கம்பியில் தனித்தனியாக ஓடும் வலையமைப்பு) எண்ணுக்கு 257ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அது ஹெக்ஸில் 01 01.

கோட்பாடு இவ்வளவு போதும்: கம்பியில் போகும் தலைப்புகள் எப்போதும் பிக் எண்டியன், பிசிஐ வழி வரும் சிப்புகளின் டிஸ்கிரிப்டர்கள் (பாக்கெட் எங்கே, எவ்வளவு என்று டிரைவரும் சிப்பும் நினைவகத்தில் பரிமாறும் குறிப்புகள்) பெரும்பாலும் லிட்டில் எண்டியன், செயலியின் வரிசை பெட்டியைப் பொறுத்தது. ஓர் எண் ஓர் எல்லையைக் கடக்கும்போது ஒரே ஒரு முறை மாற்றப்பட வேண்டும். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை, ஒரு முறையும் மாற்றாததாலோ இரண்டு முறை மாற்றியதாலோ வருபவை.

அறிகுறி 1: டிரைவர் ஏறும்போதே சிப்பை அடையாளம் காணவில்லை

கெர்னல் பதிவில், சிப்பின் அடையாள ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) தரும் எண் அச்சாகியிருந்தால் பாருங்கள். எல்லாம் சுழியமாகவோ எல்லா பிட்டும் ஒன்றாகவோ இருந்தால் அது வரிசைப் பிழையன்று. சிப்புக்கு மின்சாரமோ கடிகாரமோ போகவில்லை, அல்லது முகவரி தவறு.

எண் புரண்டு வந்திருந்தால், ரெஜிஸ்டரைப் படிக்கும் வரியைப் பாருங்கள். ரீட்எல் என்ற செயற்கூறு லிட்டில் எண்டியன் சாதனத்திலிருந்து செயலியின் வரிசைக்குத் தானே மாற்றித் தருகிறது. அதன் விடையை மீண்டும் அதே மாற்றத்தைச் செய்யும் எல்இ32_டு_சிபியுவுக்குள் போட்டிருந்தால், லிட்டில் எண்டியன் பெட்டியில் ஒன்றும் தெரியாது, பிக் எண்டியன் பெட்டியில் எண் திரும்பிவிடும்; வெளிச் சுற்றை நீக்குங்கள். மாறாக, பெயரில் ‘ரா’ என்று தொடங்கும் ரா_ரீட்எல் பயன்படுத்தப்பட்டிருந்தால் அது எதையும் மாற்றாது. சிப்பின் ரெஜிஸ்டர்களே பிக் எண்டியன் என்று அதன் தரவுத்தாள் சொன்னால் ஐஓரீட்32பிஇ உண்டு. இவற்றில் எது பொருந்தும் என்பதைத் தரவுத்தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘ஸ்வாப்’ போட்டால் வேலை செய்கிறது என்று நிறுத்திவிட்டால், அடுத்த பெட்டி மாற்றத்தில் அதே இடத்துக்கு மீண்டும் வருவீர்கள்.

அறிகுறி 2: பெட்டியை நிறுத்தி இயக்கும் ஒவ்வொரு முறையும் மேக் முகவரி மாறுகிறது

சிஸ் கோப்பு முறைமையில் அந்த இணைப்பின் அட்ரஸ்_அசைன்_டைப் கோப்பைப் படியுங்கள். 0 என்றால் நிலையான முகவரி. 1 என்றால் கெர்னல் தற்செயலாக உருவாக்கிக்கொண்ட முகவரி. 1 என்று வந்தால், சிப்பிலிருந்து படித்த முகவரியை டிரைவர் செல்லாது என்று தள்ளியிருக்கிறது.

எளிய காரணம், முகவரியைச் சேமித்து வைக்கும் நிலை நினைவகமான ஈப்ராம் வெறுமையாக இருப்பது. அதை அப்படியே எடுத்துப் பாருங்கள். வெறுமை இல்லை என்றால், 00:11:22:33:44:55 என்று இருக்க வேண்டியது 11:00:33:22:55:44 என்று டிரைவருக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். முதல் பைட் ஒற்றைப்படை எண்ணானால் அது பலருக்கான முகவரி என்று பொருள். ஒரு தனி அட்டைக்கு அப்படி இருக்க முடியாது என்று கெர்னல் மறுக்கும், டிரைவர் தற்செயல் முகவரிக்குப் போகும். முதல் பைட் இரட்டைப்படையாக அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: புரண்ட முகவரி சத்தமில்லாமல் ஏற்கப்பட்டு, ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபியில் அந்தப் பெட்டிக்கென்று ஒதுக்கிய ஐபி மட்டும் கிடைக்காமல் போகும். அப்போது அட்ரஸ்_அசைன்_டைப் 0 என்றே சொல்லும்.

காரணம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். ஈப்ராமிலிருந்து 16 பிட் சொல்லாகப் படித்ததை, ஆறு பைட் கொண்ட வரிசையின்மேல் 16 பிட் சுட்டியை ஏற்றி எழுதியிருப்பார்கள். கீழ்ப் பைட்டை முதல் இடத்திலும், எட்டு பிட் வலப்பக்கம் நகர்த்திய மேல் பைட்டை இரண்டாம் இடத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். எந்தச் செயலியிலும் ஒரே விடை வரும்.

ஈப்ராமையே திருப்பி எழுதிச் ‘சரி’ செய்யாதீர்கள். ஏத்தெரோஸ் பெட்டிகளில் ‘ஆர்ட்’ என்ற பகுதியில், அந்த ஒரு பெட்டிக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய வானொலி அளவீடுகளும் இருக்கும். அது அழிந்தால் வேறு பெட்டியிலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. அந்தப் பகுதியைத் தொட வேண்டிய நிலை வந்தால், நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தொழிலில் இருப்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 3: விளக்கு எரிகிறது, ஆனால் பிங் பதில் வரவில்லை

வாடிக்கையாளர்கள் அதிகம் கொண்டுவருவது இதைத்தான். இங்கே பாதை நான்காகப் பிரிகிறது. ஐபி கட்டளையின் புள்ளிவிவரத்தையும், நெட்வொர்க் அட்டையின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையின் புள்ளிவிவரத்தையும் பார்த்து எந்தப் பாதை என்று முடிவு செய்யுங்கள்.

*அனுப்பும் வரிசை நேரம் கடந்துவிட்டது என்று நெட்டெவ் வாட்ச்டாக் எச்சரிக்கை வருகிறது.* டிஸ்கிரிப்டர் யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டும் பிட் பல சிப்புகளில், எடுத்துக்காட்டாக ரியல்டெக் 8169 வகையில், 32 பிட் சொல்லின் உச்சியில் இருக்கிறது: 80 00 00 00. சொல் புரண்டால் அது 00 00 00 80 ஆகி, சிப் கண்டுகொள்ளாத இடத்துக்குப் போய்விடும். அனுப்பச் சொன்னதே சிப்புக்குத் தெரியாது. எழுதும் இடத்தில், செயலியின் வரிசையை லிட்டில் எண்டியனாக மாற்றும் சிபியு_டு_எல்இ32 இருக்கிறதா என்று பாருங்கள். ரீட்எல் தானாக மாற்றுவதைப் பார்த்துப் பழகியவர்கள், நினைவகத்தில் இருக்கும் டிஸ்கிரிப்டரும் தானாக மாறும் என்று நினைத்துவிடுகிறார்கள், அது மாறாது.

*பெறும் நீளப் பிழை எண்ணிக்கை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒன்றாக ஏறுகிறது.* 16 பிட் நீளப் புலம் புரண்டிருக்கிறது. 64 பைட் பிரேம் 16384 ஆகத் தெரிந்து, இடையகத்தைவிடப் பெரியது என்று தள்ளப்படுகிறது. நீளத்தைச் சோதிக்காத டிரைவராக இருந்தால் பிழை எண்ணிக்கை ஏறாது. கெர்னலே விழுந்து, பதிவில் எஸ்கேபி_ஓவர்_பேனிக் என்று கிடக்கும். இதை உறுதிப்படுத்த எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. நீளத்தின் இரண்டு பைட்டும் ஒன்றாக இருக்கும் பிரேம்கள், அதாவது 257, 514, 771, 1028, 1285 பைட் நீளமுள்ளவை, புரண்டாலும் மாறாது. பிங்கின் தரவு அளவோடு ஈதர்நெட், ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளும் வால் சரிபார்ப்பும் சேர்த்து 46 பைட் கூடும் என்பதால், தரவு அளவை 468 என்று கொடுத்தால் பிரேம் 514 ஆகும். (சில சிப்புகள் வாலின் 4 பைட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவற்றுக்கு 472.) ஐபிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி பாக்கெட்டுகள் சிறியவை என்பதால் அவையும் தொலைந்துபோகும், ஆகவே இரு முனையிலும் அண்டை முகவரியைக் கையால் பதிந்துவிட்டு இதைச் செய்யுங்கள். 468 மட்டும் பதில் தந்து 467உம் 469உம் தராவிட்டால் நோய் இதுதான், சந்தேகமே வேண்டாம்.

*பெற்ற பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறது, பிழை எண்ணிக்கை ஏறவில்லை, பதிலும் இல்லை.* பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்பைப் பெட்டியிலேயே ஓட்டுங்கள். பாக்கெட் அதில் ஒழுங்காகத் தெரிந்தால், நெறிமுறை எண்ணை ஒப்பிடும் இடத்தில் கோளாறு. கெர்னல் பாக்கெட்டோடு வைத்திருக்கும் நெறிமுறை எண் பிக் எண்டியனிலேயே இருக்கும். அதை 0800 என்ற மாறிலியோடு நேரடியாக ஒப்பிட்ட வரி பழைய பெட்டியில் வேலை செய்யும். புதிய லிட்டில் எண்டியன் பெட்டியில் 0008 என்று தெரிந்து எதனோடும் பொருந்தாது. ஏஆர்பிக்கு 0806 என்பது 0608 ஆகும். திருத்தும்போது மாறியை மாற்றாதீர்கள். மாறிலியை, செயலியின் வரிசையைக் கம்பி வரிசையாக்கும் எச்-டு-என்எஸ் சுற்றுக்குள் போடுங்கள். தொகுக்கும்போதே அந்தக் கணக்கு முடிந்துவிடுவதால் ஓடும் நேரத்தில் செலவும் இல்லை.

*டிசிபிடம்பிலேயே பாக்கெட்டின் உடல் இரண்டிரண்டு பைட்டாகப் புரண்டு தெரிகிறது.* ஐபி தலைப்பு 45 00 என்று தொடங்க வேண்டியது 00 45 என்று தொடங்கும். பிக் எண்டியன் பெட்டியில், சிப்பின் நினைவக வாயிலிலிருந்து ரீட்டபிள்யூவைச் சுழற்சியில் ஓட்டித் தரவை எடுத்திருப்பார்கள். தரவு என்பது எண் அன்று, பைட்டுகளின் ஓட்டம். அதற்கு ஐஓரீட்16_ரெப் போன்ற தொடர் வாசிப்புச் செயற்கூறுகள் இருக்கின்றன. அவை வேண்டுமென்றே எதையும் திருப்புவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல், எடுத்த பாக்கெட்டை முழுவதும் மீண்டும் புரட்டும் சுழற்சி ஒன்றைச் சேர்த்திருந்த டிரைவரும் என் கைக்கு வந்தது. வேலை செய்தது, பாதி வேகத்தில்.

அறிகுறி 4: சாதாரண இணைப்பு நன்று, விலான் வழி மட்டும் போகவில்லை

நம் ஊரில் இது ‘யுனிஃபை ஏறவில்லை’ என்ற சொல்லோடு வரும். அந்த இணைய இணைப்பு 500ஆம் எண் விலானில் பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) வழியாகப் போகிறது. விலான் எண் கெட்டால், பயனருக்குத் தெரிவதெல்லாம் இணைப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவதுதான். பழியை இணைப்பின்மேல் போடுவதற்கு முன், அதே கம்பியைக் கடையிலிருந்து வாங்கிய வேறு ரவுட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே ஏறினால் குற்றம் நம் பெட்டியுடையது.

அடுத்து ஈத்டூலால் விலான் அனுப்பல், பெறல் ஆகிய இரண்டு வன்பொருள் உதவிகளையும் அணையுங்கள். அணைத்ததும் ஏறினால், குறிச்சொல்லை டிஸ்கிரிப்டரில் எழுதும் அல்லது படிக்கும் வரியில்தான் பிழை. அப்படியே விட்டாலும் பெட்டி ஓடும். அவசரமான ஆலைக்கு அன்றைக்கு அதையே செய்துவிட்டு வரலாம், வெட்கம் ஒன்றும் இல்லை.

உறுதிப்படுத்த, மறுமுனையில் ஒரு மடிக்கணினியை வைத்து, வெளியே போகும் பிரேமைப் பிடியுங்கள். 500 என்பது ஹெக்ஸில் 01 எஃப்4. புரண்டால் எஃப்4 01 ஆகும். அதில் கீழ் 12 பிட் மட்டுமே விலான் எண் என்பதால் 1025ஆம் விலான் என்றும், மேல் மூன்று பிட் முன்னுரிமை என்பதால் முன்னுரிமை 7 என்றும் தெரியும். வெறும் 500ஐப் புரட்டிப் பார்த்து 62465ஐத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. சோதனைக்கு 100ஐ வைத்திருந்தால் 1024ஆம் விலானும் முன்னுரிமை 3உம் வரும்.

திருத்தம் சிப்பைப் பொறுத்தது; இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கெர்னல் தரும் குறிச்சொல் செயலியின் வரிசையில் இருக்கும். ரியல்டெக் 8169 வகை, லிட்டில் எண்டியனான ஒரு 32 பிட் சொல்லுக்குள் விலான் குறிச்சொல்லை மட்டும் கம்பி வரிசையில் எதிர்பார்க்கிறது. ஆகவே கெர்னலில் இருக்கும் அதன் டிரைவர், செயலி எதுவானாலும் நிபந்தனையின்றித் திருப்பும் ஸ்வாப்16ஐப் பயன்படுத்தி, அதன்பிறகு முழுச் சொல்லையும் சிபியு_டு_எல்இ32 வழியாக அனுப்புகிறது. அங்கே எச்-டு-என்எஸ் போட்டால் லிட்டில் எண்டியனில் சரியாகவும் பிக் எண்டியனில் தவறாகவும் போகும். குறிச்சொல்லின் வகையான 8100ஐக் கெர்னலுக்குக் கொடுக்கும்போது மட்டும் எச்-டு-என்எஸ் வேண்டும். அது 0081 என்று போனால், பெற்ற பாக்கெட் எந்த விலானுக்கும் சேராமல் காணாமற்போகும்.

அறிகுறி 5: பிங் போகிறது, பெரிய கோப்பு நின்றுவிடுகிறது

“அண்ணே, பிங் அடிச்சா வருது, லாரிக் கணக்கு மட்டும் ஏற மாட்டேங்குது” என்று ஆலையிலிருந்து வந்த அழைப்பு இந்த வகை.

ஈத்டூலால் மூன்று உதவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் அணைத்தால் எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் டிஎஸ்ஓ, அதாவது பெரிய தரவைச் சிப்பே துண்டுகளாக்கும் உதவி. அணைத்ததும் சரியானால், சிப்புக்குக் கொடுக்கும் துண்டு அளவு புரண்டிருக்கிறது. 1460 என்பது 46085 ஆகி, சிப் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் நிற்கிறது. அடுத்து அனுப்பும் சரிபார்ப்புத்தொகை உதவி. அதை அணைத்துச் சரியானால், போலித் தலைப்புக்கான சிசம்_டிசிபியுடிபி_மேஜிக் அழைப்பைப் பாருங்கள்: முகவரிகள் இரண்டும் பிக் எண்டியனில் போக வேண்டும், நீளம் மட்டும் செயலியின் வரிசையில் போக வேண்டும். நீளத்தையும் எச்-டு-என்எஸ்ஸுக்குள் போடுவது மிகப் பரவலான பிழை. கடைசியாகப் பெறும் சரிபார்ப்புத்தொகை உதவி. கெர்னல் பதிவில் வன்பொருள் சரிபார்ப்புத்தொகை தோற்றது என்ற வரி நிறைந்திருந்தால் இதிலிருந்தே தொடங்கலாம்.

சரிபார்ப்புத்தொகையில் பழக்கதோஷம் கூடாது. 1988இல் வந்த ஆர்எஃப்சி 1071 என்ற இணைய ஆவணம் விளக்குகிறபடி, இந்தக் கூட்டலை எந்தப் பைட் வரிசையில் செய்தாலும் விடையின் பைட்டுகளும் அதே வரிசையில் அமைந்துவிடும். ஆகவே நினைவகத்தில் இருந்தபடியே கூட்டி, அப்படியே எழுதினால் சரியாகவே வரும். அதற்கு மேல், கம்பி வரிசையைச் செயலியின் வரிசையாக்கும் ஒரு என்-டு-எச்எஸ் சேர்ப்பதுதான் கெடுக்கிறது. சிப் தன் கூட்டுத்தொகையை லிட்டில் எண்டியன் எண்ணாகத் தருகிறதா, கம்பி வரிசைப் பைட்டுகளாகத் தருகிறதா என்பதைத் தரவுத்தாள் சொல்லாவிட்டால், அந்த உதவியை டிரைவரில் நிரந்தரமாக அணைத்துவிடுவதே என் முடிவு. எடை மேடையின் சிறு கோப்புகளுக்குச் செயலி அந்தக் கூட்டலைத் தானே செய்துகொள்ளும்.

அறிகுறி 6: எல்லாம் வேலை செய்கிறது, புள்ளிவிவர எண்கள் மட்டும் நம்ப முடியாதவை

அவசரம் இல்லை. எண்ணிக்கை 16777216இன் மடங்குகளாக ஏறினால் 32 பிட் புலம் புரண்டிருக்கிறது. 4294967296இன் மடங்குகளாக ஏறினால் 64 பிட் எண்ணின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டாவதற்கு ஒவ்வொரு பாதியையும் எல்இ32_டு_சிபியு வழி எடுத்து, மேல் பாதியை 32 பிட் நகர்த்திச் சேருங்கள்.

அறிகுறி 7: ஒரு செயலியில் ஓடும் டிரைவர் மற்றதில் ஓடவில்லை, எங்கே என்று தெரியவில்லை

வரி வரியாகப் படித்துத் தேடாதீர்கள். 2003இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற, மூலக்கோப்பைச் சோதிக்கும் கருவி இதற்கு உதவும். தொகுக்கும்போது மேக் கட்டளைக்கு சி=2 என்று கொடுத்தால் எல்லாக் கோப்புகளையும் அது சோதிக்கும்; சி=1 கொடுத்தால் புதிதாகத் தொகுக்கப்படும் கோப்புகளை மட்டும்.

ஆனால் பழைய வெளி டிரைவரில் முதல்முறை ஓட்டினால் ஸ்பார்ஸ் ஒன்றும் சொல்லாது. அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. டிஸ்கிரிப்டரின் புலங்கள் எல்லாம் வெறும் யு32, யு16 என்று அறிவிக்கப்பட்டிருக்கும். அவற்றில் எது எந்த வரிசை என்று கருவிக்கு எப்படித் தெரியும்? தரவுத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிப் படிக்கும் புலங்களை எல்இ32 என்றும், கம்பியில் போகும் புலங்களை பிஇ16, பிஇ32 என்றும் வகை மாற்றுங்கள். மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டினால் எச்சரிக்கைகள் திரையை நிரப்பும். அடிப்படை வகைகள் வேறு என்று சொல்லும் ஒவ்வொரு வரியும், ஓர் எண் மாற்றமின்றி எல்லையைக் கடந்த இடம். எச்சரிக்கையை அடக்குவதற்காக ‘ஃபோர்ஸ்’ என்று வகை மாற்றம் போட்டு மூடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு டிரைவரில் முன்பு யாரோ அப்படி மூடியிருந்த வரியில்தான் நோய் இருந்தது.

ஸ்பார்ஸுக்குப் பிடிபடாதவை இரண்டு. ஒன்று, பிட் புலங்கள். ஒரு பைட்டை 4 பிட்டும் 4 பிட்டுமாகப் பிரித்து அறிவித்தால், எந்தப் பாதி மேலே அமையும் என்பது இரு வகைச் செயலிகளில் எதிரெதிராக இருக்கும். கெர்னலின் ஐபி தலைப்பு அறிவிப்பிலேயே இதற்காக இரண்டு வடிவங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அறிகுறி, எண் பைட்டாகப் புரளாமல் வேறுவிதமாகக் கலங்கியிருப்பது. பிட் புலங்களை நீக்கிவிட்டு, முழுச் சொல்லாகப் படித்து, வரிசை மாற்றி, அதன்பின் முகமூடி போடுங்கள். முகமூடியை முன்னே போட்டு வரிசையைப் பின்னே மாற்றுவதும் இதே குழப்பத்தைத் தரும். மற்றொன்று, எண்ணை பைட் வரிசைக்குள் எம்இஎம்சிபிஒய்யால் நகலெடுப்பது. வகைத் தகவல் அங்கே தொலைந்துவிடுகிறது. இவற்றை மட்டும் கண்ணால்தான் தேட வேண்டும்.

திருத்தியதை இரு வகைச் செயலியிலும் ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைக்காதீர்கள். பிக் எண்டியன் பெட்டி கையில் இல்லை என்றால், வேறு செயலிகளைக் கணினியிலேயே போலியாக ஓட்டும் கியூஎமுவில் மால்டா என்ற மிப்ஸ் பலகையை இலவசமாக ஓட்டலாம். உங்கள் சிப் அதில் இருக்காது. ஆனால் தலைப்புகளைப் படிக்கும் பகுதியையும் பிட்களைப் பிரிக்கும் பகுதியையும் தனியே எடுத்து அங்கே சோதித்துவிடலாம்.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

ஸ்பார்ஸ் சுத்தம், வகைகள் சரி, இருந்தும் டிஸ்கிரிப்டர் சரியாகவும் தரவு புரண்டும், அல்லது மாறாகவும் வருகிறது என்றால், திருப்பும் வேலையை வன்பொருளே செய்துகொண்டிருக்கலாம். பிராட்காமின் டிஜி3 வகைச் சிப்புகளில் தரவையும் மற்றவற்றையும் தனித்தனியே பைட்டாகவும் சொல்லாகவும் திருப்பச் சொல்லும் பிட்கள் ஒரு ரெஜிஸ்டரில் இருக்கின்றன. உங்கள் சிப்பின் தரவுத்தாளில் அப்படி ஒன்று இருந்தால், அதை ஒரு நிலையில் நிறுத்திவிட்டு மென்பொருளைச் சரிசெய்யலாம். தரவுத்தாளே கிடைக்காவிட்டாலோ, செயலியின் பிசிஐ பாலம் தானே பைட்டுகளைத் திருப்புகிறது என்று சந்தேகம் வந்தாலோ, ஊகித்து ஊகித்து ரெஜிஸ்டர்களில் எழுதாதீர்கள். பலகை வடிவமைத்தவரிடமோ, தர்க்கப் பகுப்பாய்வுக் கருவி வைத்திருக்கும் கூடத்திடமோ போங்கள். சிப்புக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பில் பிழை என்று தெரிந்தாலும் அப்படியே. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரில் பிழை கண்டால், மெயின்டெய்னர்ஸ் கோப்பில் அந்த டிரைவருக்கு எதிரே பெயர் உள்ளவருக்கு எழுதுங்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: எதிர்பார்த்த எண்ணும் வந்த எண்ணும் ஹெக்ஸில், செயலியின் வரிசை, எந்த உதவியை அணைத்தபோது சரியானது என்ற குறிப்பு, மறுமுனையில் பிடித்த பிரேம் கோப்பு. மின்னலில் போன பழைய பெட்டியையும், போர்ட் மட்டும் செத்துச் செயலி ஓடினால், தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். என் கடை அலமாரியில் அப்படி மூன்று பிக் எண்டியன் பெட்டிகள் இருக்கின்றன; புதிதாக எந்த டிரைவர் வந்தாலும் அவற்றில் ஒன்றில் ஏற்றிப் பார்த்த பிறகே ஆலைக்கு அனுப்புகிறேன்.